குழந்தைக்கு சி.டி. ஸ்கேன்: பொத்தானை அழுத்தும் முன் செய்ய வேண்டியவை

ஒரு வயதுக் குழந்தையின் வயிற்றைப் பெரியவர்களுக்கு வைக்கும் அதே கே.வி.யிலும் (எக்ஸ்ரே குழாயின் மின்னழுத்தம்) எம்.ஏ.எஸ்.ஸிலும் (குழாயின் மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கியது) சி.டி. எடுத்தால் என்ன ஆகும்? படம் கெட்டுப்போகாது. கண்ணாடிபோலத் துல்லியமாக வரும். ரேடியாலஜிஸ்ட் குறை சொல்ல மாட்டார், பெற்றோருக்குத் தெரியவராது, மெஷினும் பெரும்பாலும் மறுக்காது. குழந்தை வாங்கிக்கொண்ட கதிர் மட்டும் தேவையைவிடப் பல மடங்கு கூடியிருக்கும். ஃபிலிம் காலத்தில் கதிர் கூடினால் படம் கறுத்துப்போய் நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். டிஜிட்டல் படத்துக்கு அந்தக் குணம் கிடையாது. கூடுதல் கதிரைக் கூடுதல் அழகாக மாற்றித் தந்துவிடுகிறது. அதனால் அளவைக் காக்கும் வேலை முழுவதும் படம் வருவதற்கு முன்பே முடிந்தாக வேண்டும்.

சி.டி. அறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் டெக்னீஷியன்களையும், ரேடியாலஜி படிக்க வந்திருக்கும் இளம் மருத்துவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பெற்றோர் படித்தாலும் நல்லதுதான். எங்களிடம் என்னென்ன கேட்கலாம் என்று தெரிந்துகொள்வீர்கள்.

எவ்வளவு பயப்படலாம்?

வேலைக்குள் போகும் முன் இதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பயம் கூடினாலும் தவறு நடக்கும், குறைந்தாலும் தவறு நடக்கும்.

பெரியவர்களுக்கான அளவிலேயே குழந்தைகளையும் ஸ்கேன் செய்கிறார்கள் என்று 2001-இல் வெளியான ஆய்வுக் கட்டுரைகள் எடுத்துக்காட்டிய பிறகுதான் உலகம் விழித்துக்கொண்டது. 2008-இல் ‘இமேஜ் ஜென்ட்லி’ என்ற இயக்கம் தொடங்கியது. 2012-இல் பிரிட்டனில், சிறு வயதில் சி.டி. எடுத்துக்கொண்ட 1,78,000-க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு வெளிவந்தது. எலும்பு மஜ்ஜைக்குச் சேர்ந்த கதிர் 50 மில்லிகிரே (உடல் உறிஞ்சும் கதிரை அளக்கும் அலகு) அளவை எட்டும்போது ரத்தப் புற்றுநோய் வாய்ப்பும், மூளைக்குச் சேர்ந்தது 60 அளவை எட்டும்போது மூளைக் கட்டி வாய்ப்பும் ஏறத்தாழ மூன்று மடங்காகலாம் என்றது அது. 2023-இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் சுமார் 9 லட்சத்து 48 ஆயிரம் பேரை ஆராய்ந்த ‘எபி-சி.டி.’ ஆய்வு, இன்றைய அளவுகளில் சி.டி. எடுக்கும் 10,000 குழந்தைகளில் ஒருவர் அல்லது இருவருக்கு அடுத்த 12 ஆண்டுகளில் அந்தக் கதிரால் ரத்தம் சார்ந்த புற்றுநோய் வரக்கூடும் என்று கணக்கிட்டது.

‘மூன்று மடங்கு’ என்பதை மட்டும் கேட்டால் நெஞ்சு படபடக்கும். ‘பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு’ என்பதை மட்டும் கேட்டால் இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று தோன்றும். இரண்டும் உண்மை. குழந்தைப் பருவத்தில் இந்த நோய்கள் இயல்பாகவே மிக அரிது; அரிதான ஒன்று மூன்று மடங்கானாலும் அரிதாகவே இருக்கும். ஆனால் ஆண்டுதோறும் எத்தனை லட்சம் குழந்தைகளுக்கு ஸ்கேன் நடக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், அந்த ஒன்றிரண்டும் பெரிய எண்ணிக்கை.

குழந்தைக்கு ஏன் கூடுதல் பாதிப்பு? உடல் சிறியது, உள்ளுறுப்புகளை மறைக்கும் சதை குறைவு. அதனால் அதே செட்டிங்கில் உறுப்புகளுக்குள் இறங்கும் கதிர் அதிகம். செல்கள் வேகமாகப் பிரிந்துகொண்டிருக்கின்றன. பாதிப்பு தலைகாட்டுவதற்கு இன்னும் எழுபது எண்பது வருட வாழ்க்கை மீதமிருக்கிறது. ‘குழந்தைக்கு எல்லாமே ஆபத்து அதிகம்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லவும் கூடாது. கதிர்வீச்சின் விளைவுகளை ஆராயும் ஐ.நா. அறிவியல் குழு 2013-இல் சொன்னபடி, புற்றுநோய் வகைகளில் கால்பங்குக்குத்தான் குழந்தைகளின் பாதிப்பு தெளிவாக அதிகம். ரத்தப் புற்றுநோய், தைராய்டு, மார்பகம், மூளை, தோல் ஆகியவை அதில் வரும். நுரையீரல் போன்ற சிலவற்றில் பெரியவர்களைவிடக் குறைவு.

தேவையான ஸ்கேனை எடுக்காமல் விடுவதால் வரும் கேடு இந்த எண்களையெல்லாம் சிறிதாக்கிவிடும். மூளைக்குள் ரத்தம் கசிகிறதோ என்ற சந்தேகம் வலுவாக இருக்கும் குழந்தைக்கு சி.டி.யைத் தள்ளிப்போடுவது பாதுகாப்பு ஆகாது.

1. சீட்டைப் படியுங்கள்

எடுக்காத ஸ்கேனின் டோஸ், அதாவது கதிர் அளவு, பூஜ்யம். ஆகவே முதல் வேலை மெஷினை இயக்கும் கன்சோலில் கிடையாது. கையில் வந்திருக்கும் சீட்டில் இருக்கிறது. என்ன தெரிந்துகொள்ள இந்த ஸ்கேன்? ‘வயிற்று வலி’ என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. குடல்வால் சந்தேகமா? அப்படியானால் அல்ட்ராசவுண்ட் பார்த்தாகிவிட்டதா? குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்வது, இரைப்பை வாய் தடித்துப்போவது, பச்சிளம் குழந்தையின் இடுப்பு மூட்டு விலகல் ஆகியவற்றுக்கெல்லாம் அல்ட்ராசவுண்டுதான் முதல் கருவி. உச்சிக்குழி மூடாத குழந்தையின் மூளை அறைகளைக்கூட அந்தக் குழி வழியாகவே பார்த்துவிடலாம். மூளையில் நீர் வடிய ஷன்ட் என்ற குழாய் வைத்த குழந்தைக்குத் திரும்பத் திரும்பப் படம் தேவைப்படும். ஓரிரு நிமிடத்தில் முடியும் சுருக்கமான எம்.ஆர்.ஐ. உங்கள் மருத்துவமனையில் கிடைத்தால், அந்தக் குழந்தையின் ஆயுள் கணக்கிலிருந்து எத்தனையோ சி.டி.க்களை அது கழித்துவிடும்.

கீழே விழுந்து தலையில் அடிபட்ட குழந்தைகள்தான் அடிக்கடி வருவார்கள். இங்கே ஊகத்துக்கு இடமில்லை. 42,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து 2009-இல் வெளியான, சி.டி. தேவையா என்று தீர்மானிக்க உதவும் ‘பெக்கார்ன்’ விதிகள் இருக்கின்றன. இரண்டு வயதைத் தாண்டிய குழந்தை நல்ல சுயநினைவோடு இருக்கிறது, இடையில் நினைவு தப்பவில்லை, வாந்தி இல்லை, கடுமையான தலைவலி இல்லை, விழுந்த விதம் பயங்கரமானதல்ல, மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்ததற்கான அறிகுறி இல்லை. இந்த ஆறும் சரியாக இருந்தால், கவனிக்கத்தக்க மூளைக்காயம் இருக்கும் வாய்ப்பு 2,000-இல் ஒன்றுக்கும் கீழே. இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குத் தனி விதி உண்டு. அதில் நெற்றி தவிர்த்த பிற இடங்களில் புடைத்த வீக்கம், தொட்டால் தெரியும் எலும்பு முறிவு, ‘பிள்ளை எப்போதும்போல இல்லை’ என்று தாய் தகப்பன் சொல்வது ஆகியவையும் சேரும். இந்தக் கடைசி அம்சம் ஒரு மருத்துவ விதிக்குள் இடம்பிடித்திருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். பெற்றவர்களின் கண்ணுக்கு மதிப்புக் கொடுத்த விதி அது.

சீட்டை எழுதியவர் பெரிய டாக்டராயிற்றே, நான் எப்படிக் கேட்பது என்று புதியவர்கள் தயங்குவார்கள். கேள்வியை நேராக அவரிடம் கொண்டுபோக வேண்டியதில்லை. உங்கள் ரேடியாலஜிஸ்டிடம் சொல்லுங்கள். “சார், இந்தப் பிள்ளைக்கு அல்ட்ராசவுண்ட் பார்த்த மாதிரி தெரியவில்லை, ஒரு வார்த்தை பேசிவிடுகிறீர்களா?” இவ்வளவுதான்.

இன்னொன்றையும் கேளுங்கள்: இதே ஸ்கேன் வேறெங்காவது சமீபத்தில் எடுத்தார்களா? சி.டி. படங்கள் இருக்கும் குறுந்தட்டு வீட்டில் மறந்துபோனதற்காகவே இரண்டாம் முறை கதிர் வாங்கும் குழந்தைகள் உண்டு. ஒரு போன் அழைப்பில் தீரக்கூடிய விஷயம்.

2. வயதை நம்பாதீர்கள், உடலை அளந்து பாருங்கள்

கதிருக்குக் குழந்தையின் வயது தெரியாது. கடந்து போக வேண்டிய தடிமன்தான் தெரியும். ஒரே வகுப்பில் படிக்கும் பத்து வயதுப் பிள்ளைகள் இருவரில் ஒருவர் 22 கிலோவும் மற்றவர் 45 கிலோவும் இருக்கலாம். ஆகவே நெஞ்சு, வயிறு என்றால் எடையைப் பாருங்கள். முடிந்தால் ஸ்கேனுக்கு முன் எடுக்கும் முன்னோட்டமான ஸ்கவுட் படத்தில் உடலின் அகலத்தையே அளந்துவிடுங்கள். தலைக்கு மட்டும் வயது ஓரளவு கைகொடுக்கும், ஏனென்றால் மண்டை ஏறத்தாழ வயதுக்கு ஏற்றபடியே வளர்கிறது.

சீட்டில் எழுதியிருக்கும் எடையை அப்படியே ஏற்காமல் எடை மெஷினில் நிறுத்திப் பாருங்கள். ரத்தக்குழாய்களும் உறுப்புகளும் பளிச்சென்று தெரியக் கொடுக்கும் கான்ட்ராஸ்ட் மருந்தின் அளவுக்கும் அதுதான் அடிப்படை.

3. பிள்ளையைத் தயார்செய்யுங்கள்

டோஸைப் பற்றிப் பேசும்போது யாரும் சொல்லாத ஒன்று: குழந்தை அசைந்தால் ஸ்கேனை மறுபடி எடுக்க வேண்டிவரும், டோஸ் இரட்டிப்பாகும். நீங்கள் கன்சோலில் நுணுக்கி நுணுக்கிக் குறைத்த 30 சதவீதமெல்லாம் ஒரே அசைவில் போய்விடும்.

ஐ.வி. ஊசியை ஸ்கேன் அறைக்குள் வைத்துக் குத்தாதீர்கள். வெளியே குத்தி, அழுகை அடங்கிய பிறகு உள்ளே கூட்டி வாருங்கள். டேபிள் நகர்வதை ஒருமுறை வெறுமனே நகர்த்திக் காட்டுங்கள். “இந்த வளையத்துக்குள் போய் வருவோம், சத்தம் வரும், வலிக்காது” என்று பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து சொல்லுங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை பால் குடித்துவிட்டு, துணியில் கதகதப்பாகச் சுற்றப்பட்டால் பல நேரம் தானே தூங்கிவிடும். ஆனால் மயக்க மருந்தோ கான்ட்ராஸ்டோ திட்டத்தில் இருந்தால், எப்போதுவரை பால் கொடுக்கலாம் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இன்றைய வேகமான மெஷின்களில் ஸ்கேன் சில விநாடிகளில் முடிவதால், பல குழந்தைகளுக்கு மயக்க மருந்தே வேண்டியதில்லை.

பிள்ளையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமானால் தாயோ தந்தையோ ஈய ஏப்ரன் போட்டுக்கொண்டு உள்ளே நிற்கலாம். தாயிடம் கர்ப்பமா என்று தவறாமல் கேளுங்கள். ஒரே ஊழியரைத் தினமும் பிடிக்கச் சொல்வது அந்த ஊழியருக்குச் செய்யும் அநியாயம்.

4. நடுவில் படுக்கவையுங்கள்

சின்ன விஷயம்போல இருக்கும். ஆனால் புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்.

கேன்ட்ரியின், அதாவது ஸ்கேன் வளையத்தின், நடுப்புள்ளியில் உடலின் நடுப்பகுதி இருக்க வேண்டும், மேலும் கீழும், இடமும் வலமும். உடலுக்கு ஏற்பக் கதிரைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ எம்.ஏ., ஸ்கவுட் படத்தைப் பார்த்துத்தான் ஆளின் பருமனை ஊகிக்கிறது. ஸ்கவுட் எடுக்கும்போது எக்ஸ்ரே குழாய் டேபிளுக்குக் கீழே இருந்து, டேபிளும் தாழ்ந்திருந்தால், குழந்தை குழாய்க்கு அருகில் வந்துவிடும். நிழல் பெரிதாக விழும். ‘ஆள் பருமன்’ என்று மெஷின் தப்புக்கணக்குப் போட்டுக் கதிரை ஏற்றும். குழந்தையின் உடல் மெல்லியது என்பதால், பெரியவர்களுக்குப் பழகிய கை டேபிளைத் தாழ்வாகவே விட்டுவிடும். பக்கவாட்டு லேசர் கோட்டைப் பார்த்து உயர்த்துங்கள்.

குழாயைக் கீழே வைத்து ஸ்கவுட் எடுப்பதால் தைராய்டுக்கும் மார்புக்கும் போகும் கதிர் குறையும். அதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள், டேபிள் உயரத்தில் மட்டும் கவனம். கைகளைத் தலைக்கு மேல் தூக்கிவைக்க மறக்காதீர்கள். வயிற்றின் பக்கத்தில் கை கிடந்தால் அதையும் ஊடுருவ மெஷின் கதிரைக் கூட்டும். தலை ஸ்கேன் என்றால் தாடையை நெஞ்சை நோக்கிச் சற்றே மடக்கி, கண்களை எல்லைக்கு வெளியே நிறுத்தப் பாருங்கள். கண் லென்ஸ் கதிரைத் தாங்காத உறுப்பு. கழுத்தில் அடிபட்ட குழந்தையிடம் மட்டும் இது கூடவே கூடாது.

5. கே.வி., எம்.ஏ.எஸ்.

எம்.ஏ.எஸ்.ஸைப் பாதியாக்கினால் டோஸ் பாதியாகும், நேர்க்கணக்கு. கே.வி. அப்படியல்ல. 120-லிருந்து 80-க்கு இறக்கி மற்றதையெல்லாம் அப்படியே விட்டால், டோஸ் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு விழுந்துவிடும். படத்தின் சொரசொரப்பு, அதாவது நாய்ஸ், ஏறும் என்பதால் எம்.ஏ.எஸ்.ஸைக் கொஞ்சம் கூட்டிக்கொள்வோம், அப்படியும் ஆதாயம்தான். கான்ட்ராஸ்ட் கொடுத்த ஸ்கேனில் இன்னொரு லாபம் உண்டு. அயோடின் 33 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டுக்குச் சற்று மேற்பட்ட கதிரைத்தான் மிக ஆசையாக விழுங்கும். கே.வி.யை இறக்கினால் கற்றையின் சராசரி ஆற்றல் அந்தப் பக்கம் நகர்கிறது, ரத்தக்குழாய்கள் பளிச்சென்று ஒளிர்கின்றன. கான்ட்ராஸ்ட் போட்ட சின்னக் குழந்தைக்கு 120 கே.வி. வைப்பதற்கு நல்ல காரணம் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

நாய்ஸ் என்பது படத்தில் மணல் தூவியதுபோல் தெரியும் சொரசொரப்பு. டோஸ் பாதியானால் அது 1.4 மடங்கு ஏறும், கால்பங்கானால் இரண்டு மடங்கு. உடலின் விட்டம் 4 செ.மீ. குறையும்போதெல்லாம், அதே நாய்ஸுக்குத் தேவைப்படும் கதிர் ஏறத்தாழப் பாதியாகிறது. 28 செ.மீ. விட்டமுள்ள பெரியவரையும் 12 செ.மீ. விட்டமுள்ள கைக்குழந்தையையும் ஒப்பிட்டால் நான்கு முறை பாதியாக்க வேண்டும், அதாவது பதினாறில் ஒரு பங்கு. ஆனால் அந்த அளவுக்கு இறக்க முடியாது, இறக்கவும் கூடாது. பெரியவர் வயிற்றில் உறுப்புகளைச் சுற்றிக் கொழுப்பு இருக்கிறது. ஒன்றையொன்று பிரித்துக் காட்டும் எல்லைக்கோடு அது. குழந்தையிடம் அந்தக் கொழுப்பு இல்லை, உறுப்புகளும் மிகச் சிறியவை. ஆகவே நாய்ஸ் பெரியவர் படத்தைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தால்தான் கண்ணுக்குப் பிடிபடும். பெரியவர்களின் நாய்ஸ் அளவை அப்படியே குழந்தைக்கு வைக்கக் கூடாது என்று சொல்வதற்கு இதுதான் காரணம். கதிரைக் குறைப்பதிலும் மிஞ்சிப்போக இடமுண்டு. மிஞ்சினால் ‘தெளிவில்லை, மறுபடி எடு’ என்று வரும்.

ஆட்டோ எம்.ஏ.வுக்கு மேல் எல்லை ஒன்று வையுங்கள். ஒரு கம்பெனி மெஷினில் நாய்ஸ் அளவைக் கேட்கும், இன்னொன்றில் மாதிரி எம்.ஏ.எஸ்.ஸைக் கேட்கும். எண் ஏறினால் டோஸ் ஏறுமா இறங்குமா என்பதே மெஷினுக்கு மெஷின் மாறும். வேறு மருத்துவமனையில் பழகிய எண்ணை இங்கே தட்டிவிடாதீர்கள்.

புதிய மெஷின்களில் இட்டரேட்டிவ், டீப் லேர்னிங் என்று படத்தைச் சுத்தமாக்கும் முறைகள் வந்திருக்கின்றன. விற்க வருபவர் ‘இது டோஸைக் குறைக்கும்’ என்பார். தானாகக் குறைக்காது. சொரசொரப்பைத் துடைத்துத் தரும்; அந்த இடைவெளியைப் பயன்படுத்தி நீங்கள்தான் எம்.ஏ.எஸ்.ஸை இறக்க வேண்டும். இறக்காவிட்டால் கிடைப்பது இன்னும் வழவழப்பான படம் மட்டுமே.

எதற்காகப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தும் இறக்கலாம். ஷன்ட் வைத்த குழந்தையின் மூளை அறை பெருத்திருக்கிறதா என்று பார்க்கவும், சிறுநீரகக் கல்லைப் பார்க்கவும் மணல் தூவிய படமே போதும். கல்லீரலில் சிறு கட்டியைத் தேடுகிறோம் என்றால் போதாது.

6. நீளமும் தடவையும்

கேட்ட இடத்தை மட்டும் எடுங்கள். 20 செ.மீ. நீள வயிற்றுக்கு மேலே 3, கீழே 3 என்று ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று கூட்டினால் மொத்தக் கதிர் 30 சதவீதம் ஏறிவிடும். 45 செ.மீ. பெரியவரிடம் அதே 6 செ.மீ. 13 சதவீதம்தான். அதே தாராளத்துக்குக் குழந்தை கொடுக்கும் விலை இரு மடங்குக்கு மேல்.

ஒருமுறை போதும். கான்ட்ராஸ்டுக்கு முன் ஒன்று, பின் ஒன்று, சற்றுப் பொறுத்து இன்னொன்று என்று பெரியவர்களுக்கு எடுக்கும் வரிசை குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. கான்ட்ராஸ்ட் போட்ட ஒற்றை ஸ்கேனே கேள்விக்கு விடை சொல்லிவிடும். ப்ரோட்டோகாலில் (மெஷினில் பதிந்துவைத்த செட்டிங் வரிசை) மூன்று இருக்கிறதே என்று மூன்றையும் ஓட்டிவிடாமல், எது வேண்டும் என்று ரேடியாலஜிஸ்டிடம் கேட்டு, வேண்டாததை முன்பே அழித்துவிடுங்கள். கான்ட்ராஸ்ட் வந்து சேர்கிறதா என்று ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எடுக்கும் கண்காணிப்புப் படங்களையும் எண்ணிக்கொள்ளுங்கள். இடைவெளியைக் கூட்டி, கதிரைக் கடைசிப் படிக்கு இறக்கி வையுங்கள்.

7. திரையில் வரும் எண்ணைப் படியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பொத்தானை அழுத்தும் முன்பே மெஷின் இரண்டு எண்களைக் காட்டுகிறது: சி.டி.டி.ஐ. வால்யூம், டி.எல்.பி. முதலாவது, ஒவ்வொரு வெட்டிலும் எவ்வளவு கதிர் என்பது, மில்லிகிரேயில். இரண்டாவது, அதை ஸ்கேன் நீளத்தால் பெருக்கியது. ஐந்து விநாடி போதும் படிக்க. நான் சேர்ந்த புதிதில் ஒரு நாள், பெரியவர் ஒருவருக்கு எடுத்த ப்ரோட்டோகால் மாறாமலே அடுத்த சின்னக் குழந்தைக்கும் நின்றிருந்தது. விரல் பொத்தானில் இருந்தது. பின்னால் நின்ற மூத்த சகோதரி “எண்ணைப் பார்த்தியா?” என்று கேட்டார். பார்க்கவில்லை. பார்த்தபோது வழக்கத்தைப் போல ஐந்து மடங்கு இருந்தது. அன்றிலிருந்து எண்ணை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் அழுத்துகிறேன்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. அந்த எண் உங்கள் குழந்தை வாங்கும் கதிர் கிடையாது. ஒரு பிளாஸ்டிக் உருளை, அதாவது பேன்டம், வாங்கக்கூடிய கதிர். தலைக்கு 16 செ.மீ. உருளை, உடலுக்கு 32 செ.மீ. உருளை. 12 செ.மீ. விட்டமுள்ள கைக்குழந்தையின் வயிற்றுக்கு, 32 செ.மீ. உருளையின் கணக்கில் திரை 2 மில்லிகிரே என்று காட்டினால், உண்மையில் அந்த உடலுக்குப் போவது ஏறத்தாழ 4.8. இந்தத் திருத்த எண்களை அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2011-இல் அட்டவணையாகவே வெளியிட்டது: 12 செ.மீ.க்கு 2.4, 20 செ.மீ.க்கு 1.8, 30 செ.மீ.க்கு 1.2. அச்செடுத்துக் கன்சோல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். சில மெஷின்கள் குழந்தையின் உடலுக்கு 16 செ.மீ. உருளையையே கணக்கில் எடுக்கும். அப்போது இந்த எண்கள் பொருந்தாது. எந்த உருளை என்பது டோஸ் ரிப்போர்ட்டிலேயே எழுதியிருக்கும்.

எண் சரியா என்று எதனோடு ஒப்பிடுவது? நாடுகள் தத்தமக்கென்று வழிகாட்டு அளவுகளை வகுத்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் வெளியிட்டதை எடுத்துக்கொண்டால், தலைக்கு மூன்று மாதத்துக்குட்பட்டவர்களுக்கு 24 மில்லிகிரே, ஒரு வயதுக்குள் 28, ஆறு வயதுக்குள் 40, அதற்கு மேல் 50. நெஞ்சுக்கு 5 கிலோவுக்குக் கீழ் 1.4, 15 கிலோவுக்குள் 1.8, 30 கிலோவுக்குள் 2.7. இரண்டு வரிசைகளையும் சேர்த்துப் பாருங்கள். தலையில் எலும்பு குறுக்கே நிற்பதால் அவ்வளவு இறக்க முடிவதில்லை. காற்று நிறைந்த நெஞ்சில் தாராளமாக இறக்கலாம். இவை ஒரு தனிக் குழந்தைக்கு விதித்த உச்சவரம்பு அல்ல. உங்கள் அறையின் சராசரி வழக்கமாக இவற்றைத் தாண்டினால் எங்கோ கோளாறு என்று சொல்லும் எச்சரிக்கை மணி.

மெஷினின் எச்சரிக்கைப் பெட்டி திரையில் வந்தால், படிக்காமல் ‘சரி’ தட்டாதீர்கள். 2008-இல் கலிபோர்னியாவில் இரண்டு வயதுகூட நிரம்பாத ஒரு குழந்தையை, ஒரு மணி நேரத்துக்கும் மேல், ஒரே இடத்தில் 151 முறை ஸ்கேன் செய்த சம்பவம் நடந்தது. முகத்தில் சிவந்த பட்டை தெரிந்த பிறகுதான் வெளியே வந்தது. ஏதோ சரியில்லை என்று தோன்றினால் கையை எடுத்துவிட்டு யாரையாவது கூப்பிடுங்கள்.

ஈயத் துண்டு பற்றி

‘கீழே லெட் போட மாட்டீர்களா?’ என்று பெற்றோர் கேட்பார்கள். பல பத்தாண்டுகளாகப் போட்டுவந்ததுதான். 2019-இல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம், சினைப்பைக்கும் விதைப்பைக்கும் வழக்கமாக ஈயம் வைப்பதை நிறுத்தலாம் என்றது. 2021-இல் அந்நாட்டின் கதிர்ப் பாதுகாப்புக் கவுன்சிலும் இடுப்பு எக்ஸ்ரேவுக்கு அதையே சொன்னது. இன்றைய அளவுகளில் அந்த உறுப்புகளுக்குப் போகும் கதிர் மிகக் குறைவு. உடலுக்குள்ளேயே சிதறி வருவதை வெளியே வைத்த ஈயம் தடுக்காது. நகர்ந்து விழுந்தால் பார்க்க வேண்டிய எலும்பையே மறைக்கும். ஆட்டோ முறையில் எடுக்கும்போது குறுக்கே ஈயம் இருந்தால் மெஷின் கதிரை இன்னும் ஏற்றிவிடும். இதைப் பெற்றோரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். அக்கறையில்லாமல் விட்டுவிட்டார்கள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டு போகக் கூடாது.

எக்ஸ்ரே, ஃப்ளோரோஸ்கோப்பி

சி.டி.யை விடக் கதிர் மிகக் குறைவு என்றாலும், எண்ணிக்கையில் எக்ஸ்ரேதான் அதிகம். குறுக்கே 10, 12 செ.மீ.க்குள் இருக்கும் சிறு உடலுக்குக் கிரிட்டை (சிதறும் கதிரைத் தடுக்கும் தட்டி) கழற்றிவிடுங்கள். வெளிச்சக் கட்டத்தை எக்ஸ்போஷருக்கு முன்பே சுருக்குங்கள். எடுத்தபின் கம்ப்யூட்டரில் ஓரத்தை வெட்டினால் படம் சிறியதாகுமே தவிரக் குழந்தை வாங்கிய கதிர் திரும்பி வராது. கதிர் இலக்கிலிருந்து எவ்வளவு விலகியது என்று திரையில் காட்டும் டெவியேஷன் இன்டெக்ஸ் பூஜ்யத்தை ஒட்டி இருக்கட்டும். +3 என்றால் இரண்டு மடங்கு கதிர், –3 என்றால் பாதி.

நேரலையாக ஓடும் எக்ஸ்ரேவான ஃப்ளோரோஸ்கோப்பியில் பல்ஸ் வேகத்தை, அதாவது விநாடிக்கு எத்தனை முறை கதிர் பாய்கிறது என்பதை, குறையுங்கள். கடைசிப் படம் திரையில் நிற்கும்போது அதை வைத்தே யோசியுங்கள். யோசிக்கும் நேரத்தில் பெடலில் கால் வேண்டாம்.

பெற்றோரிடம் என்ன சொல்வது?

‘ஒன்றும் ஆகாது’ என்று சொல்லாதீர்கள். அது உண்மை கிடையாது, கேட்பவர்களும் நம்ப மாட்டார்கள். இயற்கையிலிருந்தே உலகில் ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கதிர் கிடைக்கிறது. ஒரு நெஞ்சு எக்ஸ்ரே அதில் சில நாள் பங்கு. ஒரு தலை சி.டி. ஏறத்தாழ ஒரு வருடப் பங்கு. “இதில் சிறிய ஆபத்து உண்டு. ஆனால் டாக்டர் தேடுவதைக் கண்டுபிடிக்காமல் விட்டால் அதைவிடப் பெரிய ஆபத்து. உங்கள் பிள்ளையின் எடைக்கு ஏற்ற அளவில்தான் வைத்திருக்கிறேன்.” இந்த மூன்று வாக்கியமும் உண்மையாக இருந்தால் பெரும்பாலான தாய்மார்கள் நிம்மதியாகிவிடுவார்கள். மூன்றாவது வாக்கியம் உண்மையாக இருப்பது உங்கள் பொறுப்பு.

பெற்றோருக்கும் ஒரு வேலை: நோட்டு ஒன்றில் தேதி, எந்த ஸ்கேன், எங்கே எடுத்தது என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள், படக் குறுந்தட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

முதல் மாதத்தில்

புதிதாகச் சேர்ந்தவர்கள் இதைச் செய்து பாருங்கள். உங்கள் அறையில் தலை சி.டி. எடுத்த 20 குழந்தைகளின் வயது, சி.டி.டி.ஐ. வால்யூம், டி.எல்.பி., எந்த உருளை, எத்தனை தடவை ஓட்டியது ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் எடையோடு தனித்தனித் தாள். வயது, எடைப் பிரிவுகளாக வகுத்து, வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை வழிகாட்டு அளவோடு ஒப்பிடுங்கள். கூடுதலாக இருந்தால் தனியாக எதையும் மாற்றிவிடாமல், தாளை ரேடியாலஜிஸ்டிடமும் மருத்துவ இயற்பியலாளரிடமும் கொண்டுபோங்கள். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் இறக்கச் சொல்லி, ரிப்போர்ட் எழுதுகிறவருக்கு அந்தப் படம் போதுமா என்று கேட்டுவிட்டு, அடுத்த 20 குழந்தைகளுக்கு மறுபடி எழுதத் தொடங்குங்கள்.